சர்க்கரை உள்ள அப்பா காவடி எடுக்கலாமா? விரதம், மாத்திரை, வெறுங்கால் பற்றி ஒரு கேள்வி

காத்ர்போர்ன்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசக் கொடியேற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, அதனால் கொஞ்சம் அவசரமாகக் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் டயாமைக்ரான், காலையும் இரவும் மெட்பார்மின், பிரஷருக்கு ஒன்று, அப்புறம் ஒரு சின்ன ஆஸ்பிரின். தங்கைக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் காவடி எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாராம், எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது பேத்தி பிறந்துவிட்டாள், இவரும் கிளம்பிவிட்டார். பத்து நாள் விரதம், பொழுது சாய்ந்த பிறகு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, பத்தாம் நாள் ஆற்றங்கரையிலிருந்து மலைக்கோயில் வரை வெறுங்காலில் காவடி. வயசுக்காலத்தில் ஆணிச் செருப்புப் போட்டு நடந்தவர், அந்தக் கதையைச் சொல்லியே எங்கள் வாயை அடைத்துவிடுகிறார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அண்ணன் கூடவே கூடாது என்கிறார். அம்மா, முருகன் பார்த்துக்கொள்வான் என்கிறார். சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், பட்டினி கிடந்தால் சர்க்கரை நோயே போய்விடும், இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள் என்று. தெரு முனை மருந்துக்கடையில் கேட்டால், "விரதம்தானே, பத்து நாளைக்கு மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று ரொம்பச் சுலபமாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. கொஞ்ச நாளாக, தரையில் நடந்தால் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். இதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?

டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். கிளினிக்கில் அடுத்த தேதி காவடி முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான்.

முன்னாள்_நர்ஸ்:

மகளே, மருந்துக்கடையில் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். அதே நேரம் எல்லா மாத்திரையையும் வழக்கம்போலக் கொடுத்துவிட்டு அவரைப் பட்டினியும் போடாதீர்கள். இரண்டுமே தப்பு, ஆனால் இரண்டாவது ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும்.

டயாமைக்ரான் என்பது கிளிக்லசைட். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. அப்பா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், அதனால் காலையில் மாத்திரை போட்டு மாலை வரை வெறும் வயிறு என்றால் மத்தியானத்துக்குள் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். மெட்பார்மின் அப்படியில்லை. கல்லீரல் ரத்தத்தில் விடுகிற சர்க்கரையைக் குறைக்கிற மருந்து அது, அதை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. ஆக உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டிய மாத்திரை ஒன்றே ஒன்றுதான். இதைப் படிக்கிற மற்றவர்கள் வீட்டில் பழைய டையோனில் (கிளிபென்கிளமைடு) யாராவது எடுத்தால் இன்னும் கவனம், அது உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், அதனால்தான் வயதானவர்களுக்கு இப்போது அதைத் தவிர்க்கிறார்கள்.

நம் விரதத்துக்கென்று யாரும் மருத்துவ வழிகாட்டி எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் ரமலான் நோன்புக்கு இருக்கிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு கூடச் சேர்ந்து வெளியிட்டது, 2021ல் புதுப்பித்தார்கள். எத்தனை வருடச் சர்க்கரை, என்ன மருந்து, சிறுநீரகம் எப்படி, முன்பு சர்க்கரை இறங்கி மயங்கியது உண்டா என்றெல்லாம் கேட்டுப் புள்ளி போட்டு, யார் நோன்பு இருக்கலாம், யார் கூடாது என்று அதில் பிரிக்கிறார்கள். நம் மொரிஷியஸ் தீவில் எந்த கிளினிக்கிலும் நர்ஸுகளுக்கு வருடா வருடம் முஸ்லிம் நோயாளிகளோடு இதே பேச்சுத்தான், அதனால் "அப்பா காவடி விரதம் இருக்கிறார், பகலில் சாப்பிட மாட்டார், ராத்திரி ஒரு வேளை" என்று நீங்கள் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். நமக்கு இருக்கிற பெரிய சௌகரியம், பகலில் தண்ணீர் குடிக்கலாம்.

வழக்கமாகச் செய்வது, காலை கிளிக்லசைட்டை மாலைச் சாப்பாட்டோடு மாற்றுவது, தேவைப்பட்டால் அளவையும் குறைப்பது. எவ்வளவு என்பதை அவருடைய எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகக் கணக்கு) இரண்டையும் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும், நான் இங்கே உட்கார்ந்து சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு. அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். கார்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஹெல்த் சென்டரில் காலையிலேயே வரிசையில் நில்லுங்கள், பார்ப்பார்கள்.

விரத நாட்களில் விரலில் குத்திப் பார்ப்பதை விடக் கூடாது. காலை ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை. மில்லிமோல் கணக்கில் 3.9க்குக் கீழே போனால் அன்றைக்கு விரதம் முடிந்தது, அவ்வளவுதான், பேச்சுவார்த்தை கிடையாது (இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மில்லிகிராம் கணக்கில் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள்). மேலே 16.6ஐத் தாண்டினாலும் அதேதான். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல், இதில் எது வந்தாலும் மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறினால் ஏதாவது சாப்பாடு. பஞ்சாமிர்தம் கையில் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, சர்க்கரைத் தண்ணீர்தான் கணக்கு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 114க்கு அடித்து சாமு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கிளிக்லசைட்டால் இறங்கிய சர்க்கரை ஒரு தடவை ஏறிவிட்டு மறுபடி இறங்கும், அதனால் "சரியாகிவிட்டது, படுக்கட்டும்" என்று அன்றைக்கு ராத்திரி தனியாக விடக் கூடாது.

பிரஷர் மாத்திரை என்ன என்று பெயரைப் பாருங்கள். அடெனலால், பிசோப்ரலால் மாதிரி ஏதாவது என்றால் படபடப்பும் நடுக்கமும் சரியாகத் தெரியாது, வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

கால் விஷயம் பெரிது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஃப்ளாக்_வாசி:

எல்லோரும் சேர்ந்து அந்த மனிதரைப் பயமுறுத்துகிறீர்கள். சித்தப்பா அனுப்பிய வீடியோ பொய் இல்லை, நியூகாசில் பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சி, சாப்பாட்டைக் குறைத்தே பாதிப் பேருக்குச் சர்க்கரை போய்விட்டது, மாத்திரையே இல்லை. நம் தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே விரதம் இருந்தார்கள், யாருக்குச் சர்க்கரை இருந்தது? டாக்டர்களுக்கு மாத்திரை விற்க வேண்டும், அதனால் விரதம் என்றாலே பயம். நானே சாயங்காலச் சாப்பாட்டை விட்டு எடை குறைந்திருக்கிறேன், சர்க்கரையும் குறைந்தது.

சென்னை_டாக்டர்_போர்ட்லூயி:

ஃப்ளாக் அண்ணா சொல்லும் ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அதில் என்ன செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்லாமல் விட்டால் பத்து நாள் விரதக்காரருக்கு அது தப்பான தைரியம் கொடுத்துவிடும்.

அதன் பெயர் டைரக்ட். ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் நடத்தியது, 2017ல் லான்செட் இதழில் முதல் முடிவு வந்தது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை சாதாரண உணவே இல்லாமல், சூப்பும் ஷேக்கும் மட்டும், நாளைக்குச் சுமார் 825 முதல் 853 கலோரி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாம் வருடம் மொத்தத்தில் 36 சதவீதமாகக் குறைந்தது, ஏனென்றால் எடை திரும்ப ஏறியது. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைந்தால், சோர்ந்துபோன இன்சுலின் செல்கள் திரும்ப எழுந்திருக்கின்றன என்பது டெய்லர் சொல்லும் காரணம். எனக்குப் பிடித்த ஆராய்ச்சிதான் இது, சர்க்கரை வந்துவிட்டால் ஆயுள் தண்டனை என்ற எண்ணத்தை அசைத்தது.

இப்போது உங்கள் அப்பாவை அதில் வைத்துப் பாருங்கள். அதில் சேர்த்தது 20 முதல் 65 வயது வரை உள்ளவர்களை, சர்க்கரை கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் ஆனவர்களை, எடை கூடியவர்களை. இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவில்லை. பதினைந்து வருடம் ஆனவருக்கு அந்தச் செல்களில் எவ்வளவு மிச்சம் என்பதே வேறு கேள்வி. அப்புறம், அவர்கள் சர்க்கரை மாத்திரைகளை உணவு முறை தொடங்கிய முதல் நாளே நிறுத்தினார்கள், மருத்துவக் குழு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கச் சொன்ன ஆராய்ச்சி இல்லை அது. பத்து நாளில் யாருக்கும் 15 கிலோ குறையப் போவதும் இல்லை.

தாத்தா காலம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1987ல் இந்தத் தீவு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது, உலகச் சர்க்கரை ஆராய்ச்சியில் மொரிஷியஸ் பெயர் அடிபட ஆரம்பித்ததே அதிலிருந்துதான். நம்மவர்களுக்குத்தான் சர்க்கரை அதிகம் என்று நினைத்தவர்களுக்கு ஆச்சரியம், இந்துக்கள், முஸ்லிம்கள், கிரியோல்கள், சீனர்கள் எல்லோருக்கும் அதிகமாகவே இருந்தது. பரம்பரை மட்டும் காரணம் என்றால் நாலு இனத்துக்கும் ஒரே சமயத்தில் எப்படி வரும்? வயலை விட்டு மில்லுக்கும் ஆபீசுக்கும் போனோம், பிரெட்டும் பெப்சியும் வந்தது, நடை நின்றது. அதே காலத்தில் அரசாங்கம் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து பெரும்பாலும் சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்து வருடத்தில், 1992ல் திரும்ப எடுத்தபோது சராசரி கொலஸ்ட்ரால் 5.5லிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது, யாரும் மாத்திரை போடாமல். எடை ஏறியது, சர்க்கரை மட்டும் பெரிதாக அசையவில்லை. இதைக் கேட்டால் என் நோயாளிகளுக்கு எண்ணெய் மேல்தான் கோபம் வரும், தட்டில் உள்ள சோற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

மாத்திரை விற்கிற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1977ல் தொடங்கிய யுகேபிடிஎஸ் என்ற ஆராய்ச்சியில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2024ல் லான்செட்டில் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை வந்த ஆரம்பத்திலேயே கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, ஆராய்ச்சி முடிந்து 24 வருடம் கழித்தும் மாரடைப்பும் சாவும் குறைவு. மெட்பார்மினில் ஆரம்பித்தவர்களுக்கு மரணம் 20 சதவீதம் குறைந்திருந்தது. மெட்பார்மின் எவ்வளவு மலிவு என்று உங்களுக்கே தெரியும், அதை விற்று எந்த டாக்டரும் வீடு கட்டவில்லை.

கடைசியாக, யாராவது டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் மாதிரி "கிளிப்ளோசின்" என்று முடிகிற புது மாத்திரை எடுத்தால் விரதத்துக்கு முன் கட்டாயம் கேளுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து அது. சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால் உடம்பில் கீட்டோன் அமிலம் சேரலாம், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டும், ஆனால் ஆள் வாந்தி எடுத்துக்கொண்டு மூச்சு வாங்குவார். உங்கள் அப்பா எடுக்கவில்லை, நல்லது.

ஃப்ளாக்_வாசி:

சரி டாக்டர், ஆறு வருடத்துக்குள் என்பது வீடியோவில் சொல்லவில்லை. எனக்கு வந்து மூன்று வருடம்தான், நான் அந்தக் கணக்கில் வருவேன் என்று நினைக்கிறேன். ஆனால் விரதத்தைத் தடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

கோயில்_தொண்டன்:

தடுக்கவில்லையே அண்ணா, எப்படி இருப்பது என்றுதானே பேசுகிறோம். நான் எங்கள் கோயிலில் ஊர்வலத்தோடு தண்ணீர் வண்டி பார்க்கிறவன். மகளுக்கு நடைமுறையாகச் சிலது சொல்கிறேன்.

தைப்பூசம் என்றாலே நமக்கு நடுக்கோடை. ஆற்றில் பூஜை முடிந்து அலகு குத்தி, வரிசை நகர ஆரம்பிக்கவே வெயில் ஏறிவிடும். தார் ரோடு மத்தியானத்தில் 60 டிகிரியைத் தொடுவது அதிசயமில்லை. நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போவோம், ஆனால் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ரோடு காய்ந்துவிடும், சந்திப்பில் வரிசை நின்றால் அப்படியே நிற்க வேண்டியதுதான். சாதாரணக் கால் உள்ளவன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான், குதித்துக்கொண்டே இருப்பான், வெள்ளைக் கோட்டின் மேல் கால் வைப்பான், நிழலுக்கு ஓடுவான். எனக்குப் பயம் வருவது சூடு பிடித்த ரோட்டில் அசையாமல் நிற்கிற பெரியவர்களைப் பார்த்துத்தான். பக்தி என்று கூட்டம் கும்பிடும். அவருக்குக் கால் தெரியவில்லை என்பது வீட்டுக்குப் போய் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அலகு குத்துவதாக இருந்தால் அவர் எடுக்கிற ஆஸ்பிரினைக் குத்துகிற பெரியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதயத்துக்காகவோ ஸ்டென்ட் வைத்ததற்காகவோ கொடுத்த ஆஸ்பிரின் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், அலகைத்தான் விட வேண்டும். வேல் குத்தாமல் காவடி மட்டும் எடுப்பவர்கள் எத்தனையோ பேர். வயதானவர்களுக்காக மகனோ பேரனோ காவடியைச் சுமந்து வர, நேர்ந்தவர் கோயில் வாசலில் வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றுவது எங்கள் கோயிலில் உண்டு. உங்கள் ஐயரிடம் அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டால் வேலைக்காகாது.

முன்னாள்_நர்ஸ்:

தொண்டன் தம்பி சொன்னதுதான் நான் எழுத வந்தது. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் நாங்கள் உடனே செருப்பைக் கழற்றச் சொல்வோம். நரம்பு மரத்துப்போவதன் அடையாளம் அது. மரத்துப்போன காலில் முள் குத்தினாலும், சுட்டாலும் வலி வராது, வலி வராததால் ஆள் நடந்துகொண்டே இருப்பார், காயம் ஆழமாகும், சர்க்கரை அதை ஆற விடாது. இந்தத் தீவில் விரலையும் காலையும் எடுத்ததில் எத்தனையோ கதை ஒரு சின்னக் கொப்புளத்தில்தான் ஆரம்பித்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் ஜெரி ரேமன் என்ற டாக்டரும் அவர் குழுவும் உருவாக்கியது, 2011ல் வெளிவந்தது. அப்பாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது கால், இடது கால் எது என்று முதலில் அவருக்குத் தொட்டுக் காட்டிவிடுங்கள். பிறகு உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும் ஆக ஆறு இடம், மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒன்று அல்லது இரண்டு வினாடி, பட்டும் படாமலும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. தெரியும்போது வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அதே இடத்தை மறுபடி தொட்டு வாய்ப்புக் கொடுக்காதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கிளினிக்கில் நைலான் இழையை வைத்துச் செய்கிற சோதனைக்கு இது கிட்டத்தட்டச் சமமாக வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தாலும் ரத்த ஓட்டம் சரியா என்பதை இது சொல்லாது, அதற்குக் காலில் நாடி பார்க்க வேண்டும்.

உணர்ச்சி குறைந்தவருக்கு வெறுங்கால் ஊர்வலம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், இதில் வளைந்துகொடுக்க மாட்டேன். தடி சாக்ஸ் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ரோட்டுச் சூட்டை அது நிறுத்தாது, தண்ணீர் ஊற்றிய ரோட்டில் நனைந்து ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். நடந்து வந்த காலை வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதைச் செய்யவே செய்யாதீர்கள், மரத்த கால் வெந்துபோனாலும் தெரியாது.

மரத்துப்போவதற்கு எல்லாமே சர்க்கரை என்றும் நினைக்க வேண்டாம். மெட்பார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022ல் இதையே எச்சரிக்கையாகச் சொன்னது, பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்று. அதோடு மாமிசமும் முட்டையும் தொடாத வீடு என்றால் பி12 வருகிற வழியே குறுகிவிடும், பால் தயிர் மட்டும்தான் மிச்சம். அதன் அறிகுறியும் கால் மரத்தல், தடுமாற்றம், களைப்பு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரி செய்யலாம். கிளினிக் போகும்போது "பி12 பார்த்ததே இல்லை" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

காத்ர்போர்ன்_மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நான்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். வலது காலில் மூன்றும் சரியாகச் சொன்னார். இடது காலில் சுண்டுவிரல், நடுவிரல் இரண்டுக்கும் பதிலே இல்லை. கண்ணைத் திறந்துவிட்டு, உன் விரல் மெலிசு, அதனால் தெரியவில்லை என்றார். மறுநாள் அண்ணனை விட்டுச் செய்யச் சொன்னார். அண்ணன் விரல் வாழைப்பூ சைஸில் இருக்கும், ஆனாலும் அதே இரண்டுதான். அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வருகிறேன் என்று அவரே சொன்னார், நாங்கள் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் டயாமைக்ரானைப் பாதியாக்கி மாலைச் சாப்பாட்டோடு மாற்றியிருக்கிறார் (அப்பாவுக்குச் சொன்னது, மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்). மெட்பார்மினில் காலை டோஸ் விரத நாட்களில் வேண்டாம் என்றார். பி12க்கு ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் இன்னும் வரவில்லை. காலைப் பார்க்கிற பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விரதம் இருக்கலாம், மத்தியானம் ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும் எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார், அதற்கு அப்பா அரை மனதாகத் தலையாட்டியிருக்கிறார்.

ஐயரிடம் அப்பாவையே பேச விட்டோம். அண்ணன் ஊர்வலத்தில் சுமந்து வரட்டும், நீங்கள் மேலே வாசலில் வாங்கிப் பிராகாரம் சுற்றுங்கள், ஈரம் போட்ட நிழல் பக்கமாகவே போகலாம் என்றாராம். "நேர்ந்தது நான், நடக்கிறது இவனா" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. அண்ணன்தான் இப்போது கவலையில் இருக்கிறான், அவன் வெறுங்காலில் கடைக்குக்கூடப் போனதில்லை.

இன்னும் ஒரு கேள்வி. விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. சோறு, பருப்பு, பூசணி, பலா, வாழைக்காய், கீரை, ரசம், கடைசியில் பாயசம். பத்து நாள் காத்திருந்தவரிடம் எதை வேண்டாம் என்பது?

சென்னை_டாக்டர்_போர்ட்லூயி:

எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் வரிசையை மாற்றிப் பாருங்கள். நியூயார்க்கில் வெயில் கார்னெலில் 2015ல் ஒரு சின்ன ஆராய்ச்சி, மொத்தமே 11 பேர், எல்லோரும் மெட்பார்மின் எடுப்பவர்கள். அதே சாப்பாட்டை, காய்கறியும் புரதமும் முதலில், ரொட்டி கடைசியில் என்று கொடுத்தபோது, ஒரு மணி நேரம் கழித்து ஏறிய சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது, ஆனால் இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. கீரை, பூசணி, பருப்பு முதலில் காலியாகட்டும், சோறு பிறகு ஒரு கரண்டி. பலாவும் வாழைக்காயும் கறி என்ற பெயரில் வருகிற மாவு, அதையும் சோற்றுக் கணக்கில் வையுங்கள். பாயசம் இரண்டு வாய். இலை போடுகிற தம்பிகள் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றுவார்கள், பக்கத்தில் யாராவது உட்காருங்கள். அன்றைக்கு மாத்திரை எப்போது என்று கிளினிக்கில் கேட்டீர்களா? விரத அளவா, பழைய அளவா?

காத்ர்போர்ன்_மகள்:

கேட்கவில்லை! நாளைக்கே போன் செய்கிறேன்.

முன்னாள்_நர்ஸ்:

போன் செய்யும்போது மீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவையும் கையில் எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியான ஸ்ட்ரிப், மூடி சரியாக மூடாத டப்பா, இரண்டும் தப்பான எண் காட்டும். குத்துவதற்கு முன் அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், பழம் உரித்த கையோடு குத்தினால் 15 என்று காட்டி வீட்டையே கலக்கிவிடும். அண்ணனிடம் சொல்லுங்கள், இப்போதிலிருந்தே தினமும் கொஞ்சம் வீட்டு முற்றத்தில் வெறுங்காலில் நடந்து பழகட்டும்.